நேற்று எங்கே நிறுத்தினார்கள்? எல்லையோரத் தமிழ்வழி வகுப்பில் மாற்று ஆசிரியரும் டிஜிட்டல் கருவிகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்களின் பக்கத்தில், மலையாள வழியும் தமிழ் வழியும் ஒரே வளாகத்தில் நடக்கும் பள்ளிகள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் நான் ஆசிரியராகவும், பள்ளியின் கணினிக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்.ஐ.டி.சி. ஆகவும் பணியாற்றுகிறேன். 2023-24 கல்வியாண்டில் எட்டாம் வகுப்புத் தமிழ்வழிப் பிரிவின் கணித ஆசிரியை 180 நாள் மகப்பேறு விடுப்பில் சென்றபோது, அவருடைய இடத்துக்கு அடுத்தடுத்து வந்தவர்களின் கையில் எங்கள் டிஜிட்டல் கருவிகள் எப்படிப் பயன்பட்டன, எங்கே கைவிட்டன என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பள்ளியின் பெயரும் ஆசிரியர்களின் பெயரும் இதில் இடம்பெறவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது திடீரென்று வந்த விடுப்பு அன்று. எந்த மாதம் தொடங்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் ஓணத் தேர்வுக்கு முன்பே தெரியும். நிரந்தர ஆசிரியை தம் பாடக் கோப்புகளை ஒழுங்காக வைத்திருப்பவர். வகுப்பில் மடிக்கணினியும் புரொஜெக்டரும் இருந்தன. அப்படியிருந்தும் புதிதாக வந்தவர் வகுப்பின் வாசலில் நின்று கேட்ட முதல் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அவர் கேட்டது, நேற்று எங்கே நிறுத்தினார்கள் என்பதுதான்.

கேரளத்துப் பள்ளிகளில் கருவிகளுக்குக் குறைவில்லை. ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் 2001 முதல் நடந்துவந்த திட்டம் 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018 ஜனவரியில் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தின்கீழ் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்குக் கருவிகள் வந்தன. அவற்றில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் நிறுவப்பட்டிருக்கிறது. கணிதத்துக்கென்று, உருவங்களை வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா மென்பொருள் அதிலேயே இருக்கிறது. பாடவாரியான வளங்களுக்குச் சமக்ரா தளம் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே தொடங்கிய ‘பர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தமிழ், கன்னட வழி மாணவர்களுக்கும் தயாரிக்கப்பட்டன. இவை அனைத்தும் பாடத்தைத் தருகின்றன. ஆனால் இந்த வகுப்பு, இந்த முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள், இன்று பாடத்தில் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதை எந்தத் தளமும் அறியாது. அது ஆசிரியரின் மனத்தில் மட்டும் இருந்தது. அவர் விடுப்பில் சென்றபோது அதுவும் கூடவே சென்றுவிட்டது.

முதல் ஆறு நாள்கள்

தினக்கூலி ஆசிரியரை நியமிக்க அறிவிப்பு, நேர்காணல், சான்றிதழ் சரிபார்ப்பு என்று சில நாள்கள் ஆகும். அதுவரை சப்ஸ்டிட்யூஷன் ரெஜிஸ்டரில் யாருக்கு அந்தப் பீரியடு காலியாக இருக்கிறதோ அவர் பெயர் எழுதப்படும். ஆறு வேலைநாள்கள் அப்படிப் போயின. இந்தி டீச்சர், சமூக அறிவியல் சார், உடற்கல்வி சார் என்று ஒவ்வொருவராகச் சென்றோம். நானும் ஒருநாள் சென்றேன். கணிதம் கற்பிக்கும் துணிவு எனக்கு இல்லாததால் அறிவியல் வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டு அமர்ந்திருந்தேன். பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதியைப் பாடம் நடந்ததற்கான அடையாளமாக நாங்கள் எடுத்துக்கொண்டது தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

டிசம்பரில் வந்த முதல் தினக்கூலி ஆசிரியர் நல்ல கணிதப் பட்டதாரி. அவர் பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கிப் பார்த்தார். ஒரு நோட்டில் நாற்கரம் வரைதல் பாதியில் நின்றது. இன்னொன்றில் விகிதம் தொடங்கியிருந்தது. மூன்றாவது நோட்டில் இரண்டு வாரமாகத் தேதியே இல்லை. எந்த நோட்டை நம்புவது என்று தெரியாமல் அவர் விகிதத்தை முதலிலிருந்து தொடங்கினார். அதில் பாதி ஏற்கெனவே நடந்துவிட்டது என்பது நான்காம் நாள்தான் அவருக்குத் தெரியவந்தது. கிறிஸ்துமஸ் தேர்வு முடிந்து விடுமுறை வந்தபோது, இன்னும் நீண்டகாலப் பணியிடம் ஒன்று வேறு பள்ளியில் கிடைத்து அவர் சென்றுவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. வேலை செய்த நாளுக்கு மட்டுமே ஊதியம் பெறுபவர் நீண்ட வேலையைத் தேடிப் போவது இயல்பு. அந்த மூன்று வாரங்களில் வகுப்பைப் பற்றி அவர் அறிந்துகொண்டது, அவர் தயாரித்த பயிற்சித் தாள்கள், யார் எதில் தடுமாறுகிறார்கள் என்ற கணிப்பு எல்லாம் அவருடைய கைப்பேசியோடு போய்விட்டன. ஒரே விடுப்புக்குள் இரண்டாம் முறையாக வகுப்பின் நினைவு அழிந்தது.

ஜனவரியில் வந்தவர்

இரண்டாமவர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் எல்லையைத் தாண்டி வருபவர். தமிழ்நாட்டில் படித்து, பி.எட். முடித்து, கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டும் எழுதித் தேறியவர். முதல்நாள் அவரை வகுப்புக்கு அழைத்துச் சென்றவன் நான்தான். மடிக்கணினி பாஸ்வேர்டு கேட்டது. நிரந்தர ஆசிரியை மாற்றி வைத்திருந்த பாஸ்வேர்டு எனக்கும் தெரியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து, பள்ளி மாணவர்களின் கணினி மன்றமான லிட்டில் கைட்ஸ் அமைப்பின் மாணவி ஒருத்தியை அழைத்தோம். அவள் மேசை இழுப்பறையின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை எடுத்து, பார்க்காமலேயே தட்டச்சு செய்தாள். திரையில் ‘புதியது’, ‘புதியது 2’, ‘இறுதி’, ‘இறுதி திருத்தியது’ என்று கோப்புகள் நிறைந்திருந்தன. உருவாக்கியவருக்கு ஒவ்வொன்றும் என்னவென்று தெரியும். வந்தவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். நாற்பது நிமிடப் பீரியடில் இருபது நிமிடம் அதிலேயே கழிந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே அந்த மாதத்தில் அடிக்கும் கிழக்குக் காற்றில் சன்னல் கதவு அடித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் திரையையும் புதிய டீச்சரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உறுத்துகிறது. குழந்தை பிறந்து சில வாரங்களே ஆன ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது டீச்சர் என்று கேட்டோம். அவர் பொறுமையாகச் சொன்னார். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. விடுப்பில் இருப்பவரை அழைக்காமல் வகுப்பு நடக்க வேண்டும் என்பதை அதன்பிறகு இந்த முயற்சிக்கே முதல் நிபந்தனையாக வைத்துக்கொண்டோம்.

சதுரமும் செவ்வகமும்

இடையில் ஒரு நாள் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லையோரத்தில் டிஜிட்டல் பாடப்பொருள் எப்படித் தடம் புரளும் என்பதை நான் நேரில் கண்டது அன்றுதான்.

பாடம் நாற்கரங்களின் பரப்பளவு. புதிய டீச்சர் தம் கைப்பேசியில் தமிழ்நாட்டுப் பாடங்களைத் தேடினார். தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் உண்டு. 2023-இல் வந்த மணற்கேணி செயலியும் அவரிடம் இருந்தது. எட்டாம் வகுப்பில் தேடியபோது அவருக்குத் தேவையானது அகப்படவில்லை. இணைகரம், சாய்சதுரம், சரிவகம் ஆகியவற்றின் பரப்பளவு அங்கே ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில், ‘அளவைகள்’ என்ற பாடத்தில் இருக்கிறது. வகுப்பின் எண் ஒன்றாக இருந்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாடம் ஒன்றாக இருப்பதில்லை என்பதை முதல்முறை வருபவர் அறிய வழியில்லை. கடைசியில், வகுப்பு மடிக்கணினியில் இருந்த மலையாள வீடியோ ஒன்றைப் போட்டார். இந்தப் பிள்ளைகளுக்கு மலையாளம் நன்றாகவே புரியும் என்பதால் அதில் தவறில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

வீடியோவில் ஓர் இணைகரத்தின் ஒரு பக்கத்திலிருந்து முக்கோணத் துண்டை வெட்டி மறுபக்கத்தில் ஒட்டினார்கள். இப்போது இது சதுரமாகிவிட்டது என்று மலையாளத்தில் சொன்னது குரல். பிறகு, அடிப்பக்கம் 8 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர் உள்ள இணைகரத்தின் பரப்பளவு என்ன என்று டீச்சர் கேட்டார். இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பெண் நோட்டில் 8 × 8 = 64 என்று எழுதியிருந்தாள். எட்டிப் பார்த்தால் அவளுக்குப் பக்கத்தில் இருந்த இருவரும் அதையே எழுதியிருந்தார்கள்.

“உயரம் அஞ்சுதானே? ஏன் எட்டால பெருக்கினே?” என்று டீச்சர் கேட்டார்.

“டீச்சர், சதுரம்னுதானுங்க சொன்னாங்க?” என்றாள் அந்தப் பெண்.

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தமிழில் சதுரம் என்றால் நான்கு பக்கமும் சமம். மலையாளத்தில் சதுரம் என்பது நாம் செவ்வகம் என்று சொல்வது; நம்முடைய சதுரம் அங்கே சமசதுரம். சரிவகத்துக்கு அங்கே லம்பகம் என்று பெயர், இணைகரத்துக்குச் சாமாந்தரிகம். பரப்பளவு என்ற சொல் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது. முற்றிலும் வேறான சொல் வந்தால் பிள்ளை கையைத் தூக்கி அர்த்தம் கேட்கும். ஒரே ஒலியுள்ள சொல் வேறு பொருளில் வந்தால் கேட்கத் தோன்றாது, தவறாகப் புரிந்துகொண்டு மேலே போய்விடும். நிரந்தர ஆசிரியை இந்த இடம் வரும்போது வீடியோவின் ஒலியை அடக்கிவிட்டுத் தாமே தமிழில் பேசுவார் என்பதைப் பிள்ளைகளே பிறகு சொன்னார்கள். அவர் ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொண்ட அந்தச் சிறு வழக்கம் எங்கும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

மறுநாள் டீச்சர் வீடியோவை விட்டுவிட்டு ஜியோஜீப்ராவைத் திறந்தார். நிரந்தர ஆசிரியை செய்து வைத்திருந்த கோப்பில் இணைகரத்தின் மேல்பக்கத்தை வலப்பக்கமாக இழுத்துக்கொண்டே போகலாம். அடிப்பக்கமும் உயரமும் மாறாததால், உருவம் எவ்வளவு சாய்ந்தாலும் மூலையில் 40 என்ற எண் அசையாமல் நிற்கும். அதில் மலையாளத்தில் இருந்த பெயர்களை டீச்சர் தமிழில் மாற்றி எழுதினார். மேல்பக்கத்தை இழுக்கும் வேலையை 64 என்று எழுதிய பெண்ணிடமே கொடுத்தார். அவள் உருவத்தைத் திரையின் ஓரம்வரை இழுத்துப் பார்த்தாள். எண் மாறவில்லை என்று கண்டதும், எதிர்த் திசையிலும் இழுத்துப் பார்த்தாள். இரண்டு நாளில் வகுப்பு சரிவகத்துக்கு வந்து, இணையான இரு பக்கங்களின் கூடுதலை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்குவது ஏன் என்பதைத் தாளை வெட்டி ஒட்டியே கண்டுபிடித்தது.

ஒப்படைப்புத் தாள்

அந்த வாரக் கடைசியில் தலைமை ஆசிரியர், புதிய டீச்சர், நான் மூவரும் அமர்ந்து பேசினோம். புதிய செயலி எதுவும் வேண்டாம் என்பதில் டீச்சர் உறுதியாக இருந்தார். “சார், எனக்கு இன்னொரு லாகின் வேண்டாங்க. நான் போன பிறகு வர்றவங்க திறந்து படிக்கிற மாதிரி ஒண்ணு இருந்தாப் போதும்” என்றார். அவர் சொன்னதைக் கொண்டுதான் பின்வருவது உருவானது.

வகுப்பு மடிக்கணினியில் ‘மாற்று ஆசிரியர்’ என்ற பெயரில் தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். நிரந்தர ஆசிரியையின் தனிக் கோப்புகளை அதிலிருந்து திறக்க முடியாது; பாடத்துக்கு வேண்டியவை மட்டும் அதில் நகலாக இருக்கும். திறந்ததும் திரையில் ஒரே ஒரு அடைவு, ‘இன்றைய வகுப்பு’. அதற்குள் லிபர்ஆபிஸில் செய்த ஓர் அட்டவணை. நாளுக்கு ஒரு வரி: தேதி, பாடநூலில் நின்ற பக்கமும் கணக்கும், திறந்த கோப்பு, புரியாமல் நின்ற இடம், நாளை முதலில் செய்ய வேண்டியது. பீரியடின் கடைசி மூன்று நிமிடத்தில், பிள்ளைகளின் கண் முன்னாலேயே, புரொஜெக்டரில் அதை நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஊதியம் வகுப்பு நடக்கும் நாளுக்கு மட்டுமே என்று இருப்பவரிடம், வீட்டில் உட்கார்ந்து அறிக்கை எழுதச் சொல்வதற்கு எங்களுக்கு உரிமையில்லை என்று கருதியதே இதற்குக் காரணம். இதில் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. புரியாமல் நின்ற இடம் எது என்ற கட்டத்துக்கு வரும்போது பிள்ளைகளே பதில் சொல்லத் தொடங்கினார்கள். அங்கே பிள்ளைகளின் பெயரை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். எந்தக் கருத்து புரியவில்லை என்பது போதும்.

இணையத்தில் வைக்காமல் மடிக்கணினியிலேயே வைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் கைப்பேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிக்கும் என்பதே நிச்சயமில்லாத இடம். காற்றுக் காலத்தில் கம்பி அறுந்தால் பள்ளி இணைப்பும் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை அந்த ஐந்து வரிகளையும் அச்செடுத்து வருகைப் பதிவேட்டின் பின் அட்டையில் செருகி வைத்தோம். மின்சாரம் இல்லாத நாளிலும் வகுப்பு எங்கே நிற்கிறது என்பது தெரிய வேண்டும்.

அடைவில் இன்னும் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று சொல்தாள்: சதுரம், சமசதுரம், லம்பகம் போன்று இரு மொழியிலும் இடறும் கணிதச் சொற்கள். இதைப் பிள்ளைகளே வளர்த்தார்கள். மலையாளவழிப் பிரிவுத் தோழர்களிடம் கேட்டு வந்து சேர்த்தார்கள். மற்றொன்று இரண்டு நாள் பொட்டலம்: கணிதம் தெரியாத ஆசிரியர் வந்தாலும் நடத்தக்கூடிய இரண்டு பீரியடுக்கான வேலை, விடைகளோடு.

இதைச் செய்யும்போது எழுத்துருச் சிக்கல் ஒன்றும் வந்தது. டீச்சர் தம்மிடம் இருந்த நல்ல பயிற்சித் தாள்கள் பலவற்றைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குவியல். அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைப் படிக்க முடியாது. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினோம். ஊர் ஊராக மாறும் ஆசிரியர் தம் பாடப்பொருளைத் தம்மோடு கொண்டுபோக வேண்டுமானால் அது யூனிகோடில் இருந்தாக வேண்டும்.

சரிவராதவையும் இருந்தன. கூகுள் படிவத்தில் வினாடி வினா நடத்திப் பார்த்தோம். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி பகல் முழுதும் தந்தையோடு வேலைக்குப் போய்விடுவதால், இரவு வந்த விடைகளில் பல அண்ணன் அக்காவுடையவை. அதை விட்டுவிட்டோம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிள்ளைகளின் விடைத்தாள் படங்களைப் போடும் பழக்கத்தையும் நிறுத்தினோம். மாற்று ஆசிரியர் பணி முடிந்து போனபின்னும் அந்தப் படங்கள் அவர் கைப்பேசியில் கிடப்பது முறையன்று. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இழுப்பறையின் அடியில் இருந்த பாஸ்வேர்டுச் சீட்டைக் கிழித்தது அதே வாரம்தான். ஒருவர் பெயரில் இன்னொருவர் நுழைவது எங்கள் ஆசிரியர் அறையில் உதவி என்றே கருதப்பட்டுவந்தது. மதிப்பெண் மாறினாலோ, கோப்பு அழிந்தாலோ பழி விடுப்பில் இருப்பவர் மேல் விழும் என்பதை எடுத்துச் சொன்னபிறகே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் டீச்சர் காய்ச்சலில் இரண்டு நாள் வரவில்லை. எந்த அழைப்பும் போகவில்லை. இந்தி டீச்சர் சென்று அடைவைத் திறந்து, முந்தைய நாளின் வரியை வாசித்து, பொட்டலத்தில் இருந்த வேலையைக் கொடுத்து, கடைசி மூன்று நிமிடத்தில் இரண்டு வரிகளையும் நிரப்பிவிட்டு வந்தார். நவம்பரில் அதே இந்தி டீச்சர் அதே வகுப்பில் பிள்ளைகளை அமைதியாக உட்கார வைத்துவிட்டுத் திரும்பியவர்.

ஆண்டுத் தேர்வோடு டீச்சரின் பணிக்காலம் முடிந்தது. ஜூனில் நிரந்தர ஆசிரியை திரும்பி வந்தபோது அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்குக் கணிதம் அவரே. முதல்நாள் காலை மணி அடிப்பதற்கு முன் ஆசிரியர் அறையில் அமர்ந்து, தாம் இல்லாத நாள்களின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மார்ச் மாதத்துக் கடைசி வரியில், ‘சரிவகம்: உயரம் எது, சாய்ந்த பக்கம் எது என்பது சிலருக்கு இன்னும் தெளிவாகவில்லை’ என்று இருந்தது. அவர் ஒரு அட்டையில் சரிவகம் வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.